யார் மடியில் காது குத்துவது

என் தம்பி வீட்டில் மின்விசிறி தேவைப்படாது. மதியத்தில்கூட முன்கதவைத் திறந்து வைத்தால் போதும், கடல் காற்று கூடத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போகும். கோலாலம்பூரில், செந்தூலில் நான் குடியிருக்கும் பிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிரே கொண்டோமினியத்தின் சுவர்தான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்து நான்கு. அவனுக்கு மனைவி, வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடையின் ஸ்டோரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு நானும் போகவில்லை.

இதற்கெல்லாம் அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது உண்மை. ஆனால் அது தீபாவளிக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகிற பொறாமை. தங்கைக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அது வாராவாரம் வர ஆரம்பித்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே தங்கை. கிள்ளானில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் குழந்தைக்கு மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவனுக்குத்தான் முதல் உரிமை. மொட்டை போட்ட அன்று எனக்குக் கடுமையான காய்ச்சல். தம்பி உட்கார்ந்தான். காது குத்துக்கு நீங்கள்தான் என்று தங்கை எனக்குச் சொல்லியிருந்தாள்.

அதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. விசேஷ வீடுகளில் நான் நிற்கும் இடம் நாற்காலி அடுக்கி வைத்திருக்கும் சுவரோரம். யாராவது கேட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். ஒரே ஒரு நாள், ஒரு கால்மணி நேரம், நடுவில் உட்கார எனக்கு ஓர் இடம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பிள்ளைக்கு மூன்றாம் வயது நடக்கும்போது தங்கை போன் செய்தாள்.

“பெரியண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லும்மா.”

“பாப்பா உங்களப் பார்த்தாலே அழுவுறா. காது குத்துற பத்தர் சொல்றாரு, தலை ஆடுனா ஓட்டை கோணலா போயிடுமாம். அவ யாருகிட்ட அழாம இருக்காளோ அவங்களே உட்காரட்டும்லா. என்ன சொல்றீங்க?”

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? நாள் குறித்திருந்தது மூன்று மாதம் கழித்து. தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவாள். ஆகவே அடுத்த ஞாயிறு முதல் நானும் போனேன். செந்தூலில் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் மாறி, கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் தம்பி காரோடு நிற்பான். அவன் காரும் நல்ல கார்.

தாமான் என்று நாங்கள் சொல்லும் தம்பியின் குடியிருப்புப் பகுதியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். ஐந்தாறு வரிசை ஒற்றை மாடி வீடுகள், ஒரு திடல், ஒரு மளிகைக்கடை, ஒரு சிறிய அம்மன் கோயில். அதற்கப்புறம் கடலைத் தடுக்கும் மண்கரை. கரையில் ஏறினால் கடல். மணலும் அலையும் இருக்கிற கடல் இல்லை. தண்ணீர் ஏறும்போது கரை வரைக்கும் வந்து சும்மா நிற்கும். இறங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. தூரத்தில் கிரேன்கள் நிற்கும். கப்பல்கள் நகர்வதுபோலவே தெரியாது, ஆனால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

இந்த ஒன்றுமில்லாத இடத்தைத்தான் என் தம்பி அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரிய பொருட்காட்சியாக ஆக்கி வைத்திருந்தான். தோளில் தூக்கிக்கொண்டு கரைமேல் நடப்பான். அதோ பார் கப்பல்மேல் சிவப்புப் பெட்டி, அதோ பச்சைப் பெட்டி, அதை மாமாதான் நேற்று தூக்கி வைத்தேன் என்பான். அவன் தூக்கி வைத்தானோ இல்லையோ, யார் கண்டது. சேற்றில் தாவும் மீனைக் காட்டி அதேபோல் தானும் தாவுவான். நாற்பத்தெட்டு வயது ஆள். பிள்ளை அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பிறகு கரையோரக் கடையில், சீவிய பனிக்கட்டிமேல் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங். அவன் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள்.

நான் அவர்களுக்குப் பின்னால் நடப்பேன், தங்கையின் பையைத் தூக்கிக்கொண்டு. பிள்ளை அவனை மாமா என்பாள். என்னைப் பற்றி யாராவது கேட்டால் விரலால் காட்டுவாள்.

முதல் ஞாயிறு நான் ஒரு பொம்மை வாங்கிப் போயிருந்தேன். வயிற்றை அமுக்கினால் பேசும் பொம்மை. அது பேசியதும் பிள்ளை அலறிப்போய்த் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டது. இரண்டாவது ஞாயிறு தோளில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அழுகை. தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பெரிய மாமாவிடம் பழக்கம் இல்லை, அதனால்தான் என்று சமாதானம் சொன்னாள். தம்பி சிரித்தான்.

“சும்மா போஸ்ட் மாதிரி நின்னா புள்ள பயப்படாதா? ஏதாச்சும் பேசுங்கண்ணே.”

பேசத் தெரிந்தால் எனக்கே ஒரு பிள்ளை இருந்திருக்கும். ரயிலில் திரும்பி வரும்போது ஷா ஆலம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, தம்பிக்குத் தெரியாமல் அந்தத் தாமானுக்குப் போனேன். அவன் காட்டாத ஏதாவது அங்கே இருக்க வேண்டும், அதை நான் காட்ட வேண்டும். அவன் வேலையில் இருப்பான் என்று தெரிந்தும் அவன் வீட்டுத் தெருவைத் தவிர்த்து, கோயில் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். திருடன் மாதிரிதான் இருந்தது.

கரையில் ஒரு சீன முதியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் என்று கூப்பிடவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது. சின்னப் பிள்ளைக்குக் காட்ட இங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரிய கால்வாய் கடலில் சேரும் இடத்தில் சில படிகள் இருக்கின்றன, தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகு அங்கே போய் உட்கார், வாயைத் திறக்காதே என்றார்.

போய் உட்கார்ந்தேன். வெறும் சேறு, நிறையச் சின்ன ஓட்டைகள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஓட்டையிலிருந்து நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில். அந்தக் கையைத் தூக்கி ஆட்டியது. பிறகு பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. கடைசியில் சேறு முழுவதும் நண்டுகள் கை ஆட்டிக்கொண்டிருந்தன. நான் தும்மியதும் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன.

இவ்வளவு வருடமாக அங்கே இருக்கும் என் தம்பிக்கு இது ஏன் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவன் வாய் ஒரு நிமிடம் மூடாது. அவன் வருகிற சத்தத்திலேயே அவை ஒளிந்துகொண்டிருக்கும். சும்மா போஸ்ட் மாதிரி நிற்பவனுக்குத்தான் அவை வெளியே வரும். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த முதியவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தண்ணீர் எத்தனை மணிக்கு இறங்கும் என்று போனில் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். தோதான ஞாயிறு வந்தது. தம்பி கார் கழுவிக்கொண்டிருந்தான். தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவளையும் பிள்ளையையும் கால்வாய்ப் பக்கம் கூட்டிப் போனேன். தங்கை மேலே நின்றாள். பிள்ளை என்னோடு படியில் இறங்க முதலில் முரண்டு பிடித்தாள். நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து சேற்றையே பார்த்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்க்க அவளும் பக்கத்தில் வந்து குந்தினாள்.

முதல் நண்டு வந்து கையை ஆட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவளும் வைத்தாள். இரண்டு, பத்து, ஐம்பது நண்டு வந்தது. அவள் தன் கையைத் தூக்கி அவற்றுக்கு டாட்டா காட்டினாள். பிறகு படி சுட்டதோ என்னவோ, கண்ணை எடுக்காமலே நகர்ந்து நகர்ந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. நான் மூச்சுகூட மெதுவாக விட்டேன்.

கால்மணி நேரம் இருக்கும். “அங்க என்னா பண்றீங்க?” என்று கரைமேலிருந்து தம்பியின் குரல் வந்தது. நண்டெல்லாம் போய்விட்டது. ஆனால் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கவில்லை. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு நாள் மட்டும் அவன் வீட்டுக் காற்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில், யாரும் கேட்காமல், நானே வாயைத் திறந்து சொன்னேன்.

“காதுகுத்துக்கு நானே உட்கார்றேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. தம்பி மட்டும் நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அது எனக்கு இனித்தது.

“யோசிச்சுக்குங்கண்ணே,” என்றான்.

“என்ன யோசிக்க? மூத்தவன் நான்தானே.”

“சரி. நீங்களே உட்காருங்க.”

பிறகு வந்த ஞாயிறுகளிலும் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து அவளைக் கூட்டிப் போனேன். தம்பியோடு காரில் ரயில் நிலையத்துக்கு வந்தால், என்னைப் பார்த்ததும் “நண்டு” என்பாள். தம்பி கப்பலைக் காட்டக் கூப்பிட்டால்கூட முதலில் நண்டு என்பாள்.

காதுகுத்து அந்தத் தாமானின் அம்மன் கோயிலிலேயே நடந்தது. மாமன் சீராகப் பழமும் இனிப்பும் பட்டுப்பாவாடையும் தோடும் தட்டுகளில் வைத்து எடுத்துப் போனேன். புது வேட்டி கட்டிக்கொண்டு நடுவில் மணையில் உட்கார்ந்தேன். அத்தனை பேரும் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாகவே இல்லை. பிள்ளை தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர், பாரேன், பெரிய மாமாகிட்ட எவ்வளவு ஒட்டுதல் என்றார்கள். தம்பி பின்வரிசையில் தூணோரம் நின்றான். நான் அவனைத் தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பத்தர் குங்குமத்தால் புள்ளி வைத்தார். தலையைக் கெட்டியாகப் பிடியுங்கள், விட்டுவிடாதீர்கள் என்றார். பிடித்தேன்.

முதல் காதுக்கு அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நண்டு வந்தபோது திரும்பிப் பார்த்தாளே, அதேபோல. இது என்ன என்று என்னிடம் கேட்பதுபோல. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. இரண்டாவது காதுக்கு அவள் துள்ளிய துள்ளலில் நான் அவளைக் கையாலும் நெஞ்சாலும் சேர்த்து அமுக்க வேண்டியிருந்தது. மேளச் சத்தத்தைத் தாண்டி “மாமா, மாமா” என்று கத்தினாள். என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையும் தூண் பக்கம் நீண்டிருந்தது.

பத்தர் முடித்த அடுத்த நொடி தம்பி வந்து அவளை வாங்கிக்கொண்டான். தோளில் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. நான் காலியான மடியோடு இன்னும் மணையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து எழுந்திருங்கள், படம் எடுத்தாகிவிட்டது என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பக்கத்தில் போனேன். அவள் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

இன்றுவரை அப்படித்தான். நான் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் காதைப் பொத்திக்கொள்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். தம்பியைத் தனியாகக் கேட்டேன், இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமா என்று. அவன் மறைக்கவில்லை.

“எங்க பெரியவளுக்கு அவ மாமா மடியிலதானே குத்துனோம். ரெண்டு வருஷம் அந்த மனுஷன் பக்கமே போகல.”

“அப்ப ஏன்டா எனக்குச் சொல்லல?”

“நீங்க என்னிக்காச்சும் ஒன்னு வேணும்னு கேட்டிருக்கீங்களா? முதத் தடவையா கேட்டீங்க. எப்படிண்ணே வேணாம்னு சொல்றது?”

அவன் சொன்னது நல்ல மனதோடுதான் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. விட்டுக்கொடுத்தவன் என்ற பெயரும் அவனுக்கே போய்விட்டது. அதைவிட மோசம், போன மாதம் நான் கரைமேல் நடந்து போனபோது கால்வாய்ப் படியில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உதட்டில் விரல் வைத்து அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடாத என் தம்பி வாயை மூடிக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்தான். நான் இறங்கிப் போகவில்லை. அவனைக் கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டிருந்தால் நண்டெல்லாம் ஒளிந்திருக்கும். கூப்பிடவில்லை என்பதை மட்டும் என் கணக்கில் நல்லதாக வைத்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் தங்கை போனில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்றில் பிள்ளை கடலோரத்தில் தம்பியின் தோள்மேல், புதுத் தோடு மின்ன, சிரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றில் என் மடியில், கண்ணை இறுக மூடி, வாயை முழுவதுமாகத் திறந்து அழுகிறாள். நான் புது வேட்டியில் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதைப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று கேட்டிருந்தாள். சிரிக்கிற படம் நன்றாக இருக்கிறது, இல்லையா அண்ணே என்றும் எழுதியிருந்தாள்.

அழுகிற படத்தை மாட்டு என்று எழுதி அனுப்பினேன்.