தேதி இல்லாமல் நின்ற கல்

பல்லாவரத்து மலைக்கல்லில் அம்மி கொத்திப் பழகியவன் நான். எழுத்து வெட்ட வந்தது பிற்பாடுதான். அறுபதுகளில் தாம்பரத்தைச் சுற்றிக் காலனிகள் முளைத்தபோது, வீடு கட்டிய எல்லோருக்கும் வாசல் கேட்டுத் தூணில் பெயர் பதிக்கும் ஆசை வந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். காலையில் வெட்டியது யாருடைய இல்லமோ, மாலையில் வெட்டியது யாருடைய கல்லறையோ, எல்லாம் ஒரே உளிதான். "குடிபோறதும் சாவறதும் உனக்கு ஒண்ணாப் பூட்சுய்யா" என்பாள் என் மனைவி, தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்த்துக்கொண்டே.

கொட்டகையில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தேன். பெயரை நான் பாட்டுக்கு வெட்டிவிடுவேன். இறந்த தேதியை மட்டும் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். வீட்டார் ஒருவர் வந்து அதை விரலால் தொட்டு, சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் உளி. கருங்கல்லில் ஓர் எண் தப்பினால் கல்லின் முகம் முழுவதையும் கொத்தி இறக்க வேண்டும். அப்படி ஒருமுறை இறக்கிய தோள் மழைக்காலத்தில் இன்றும் வலிக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலனியில் வீடு கட்டி, ஒரே மகனின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். அந்தக் கேட்டுக் கல்லை வெட்டியவன் நான். மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கப்பல் புயலில் காணாமல் போனது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. நெடுநாள் கழித்து, அதில் போன யாரும் உயிரோடில்லை என்று கம்பெனிக்காரர்கள் ஒரு தேதியைச் சொல்லிக் கைகழுவினார்கள்.

ஆசிரியர் கொட்டகைக்கு வந்தார். "அதே பேர் மேஸ்திரி. அதே எழுத்து" என்றார்.

"எங்க சார் நடறது? குழியே இல்லியே?" என்றேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவிக் குணம்.

"எனக்குன்னு வாங்கின இடம் இருக்கு. அதுல நடு."

பெயரை வெட்டினேன். அதே எழுத்துகளைக் கேட்டுக்கு வெட்டியபோது பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டியது நினைவுக்கு வந்தது. வேலை முடிந்ததும் ஆசிரியர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். நான் தேதியை எழுதிக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். படித்துவிட்டுச் சாக்பீஸ் எழுத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"பேர் இருக்கட்டும். அவன் செத்ததை யார் பார்த்தா?"

"கம்பெனியே சொல்லியாச்சும்மா" என்றார் கணவர்.

"கம்பெனியா பெத்துது?"

எனக்கு எரிச்சல். "ரெண்டு பேரும் வூட்ல பேசி முடிச்சிட்டு வாங்க. இங்க வேல கீது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் திரும்பி நடந்துவிட்டார்.

கல் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. அதன்மேல் கோழி உட்கார்ந்தது. என் மனைவி கல்லைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஆசிரியர் மட்டும் அவ்வப்போது தனியாக வருவார்.

"தேதியை வெட்டிடு மேஸ்திரி. அவ இன்னும் அழவே இல்ல. சாப்பிடறப்ப அவனுக்கும் தட்டு வைக்கிறா. கல் நின்னுட்டா அழுதுடுவா. நான் இருக்கும்போதே அழுதுடணும். நான் போயிட்டா அவளை யார் பார்த்துக்குவா?"

"நீங்களும் வூட்டு ஆள்தானே சார்? தொடுங்க, வெட்டிடறேன்" என்று தேதியை எழுதினேன்.

கையை நீட்டினார். விரல் கல்லுக்குக் கிட்டே போய் அப்படியே நின்றது. பையில் ஏதோ தேடுகிறவர் போலக் கையை இழுத்துக்கொண்டு, "அவளும் வரட்டும்" என்று போய்விட்டார். வரும்போதெல்லாம் இதே கதைதான். பெண்டாட்டிக்குப் பயப்படுகிற மனுஷன் என்று என் மனைவியிடம் கேலி பேசினேன்.

ஓர் ஐப்பசி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். அவருக்கென்று வாங்கிய இடத்திலேயே புதைத்தார்கள். மண் இறுகட்டும் என்று கோடை வரை காத்திருந்து, அந்த அம்மாள் தனியாகக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"அதே கல்லுல அவர் பேரையும் போடு. பையன் பேருக்குக் கீழ."

அப்பன் பெயருக்கு மேலே பிள்ளை பெயர் நிற்கும் கல்லை நான் அதற்கு முன் வெட்டியதில்லை. வெட்டினேன். ஆசிரியரின் தேதியை எழுதியதும் அந்த அம்மாள் தொட்டு, "சரி" என்றார். பிறகு மேலே காட்டி, "இவனுக்கும் எழுது" என்றார்.

கம்பெனி சொன்ன தேதியை எழுதினேன். தலைப்பால் துடைத்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"இது இல்ல" என்று வேறொரு தேதியைச் சொன்னார். "நான் தாம்பரம் ஸ்டேஷன்ல அவனை ரயிலேத்தி விட்ட நாள்."

"அதுக்கப்பால கடுதாசில்லாம் வந்துச்சின்னு சார் சொல்லிகினு இருந்தாரேம்மா. அன்னிக்கு உசிரோடதானே இருந்தாரு?"

"எனக்கு அன்னிக்குத்தான் கடைசி."

அந்தத் தேதியை எழுதினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தட்டு வெச்சது நான்தான் மேஸ்திரி. ஆனா கேட்டைப் பூட்ட விடாதது அவர். பையன் வந்தா சாத்தியிருக்கக் கூடாதும்பார். ரெண்டு பேருமா காத்துக்கிட்டிருந்தோம். தனியா என்னால முடியல."

ஆசிரியரின் விரல் கல்லருகே வந்து நின்றுபோனதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. செத்த மனுஷனைக் கேலி பேசிய வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த மனைவியும் கையை நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மாள் முதல் எண்ணின் மேல் விரலை வைத்து, "சரி" என்றார்.

உளியை எடுத்தேன். விரல் அங்கேயே இருந்தது.

"விரலை எடுங்கம்மா, உளி பட்டுடும்" என்றேன்.

எடுக்கவில்லை. தோளெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.