பிரேக்குக்கு வைத்த பொட்டு

மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாயழகு லொறி டிரைவர் ஆனது 1926இல். பதுளை மொஹிதீன் முதலாளி ஒரு லொறி வாங்கி, பசறைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளை ரயிலடிக்கு ஏற்றத் தொடங்கிய வருஷம் அது. அதன் பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாயழகுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. பெரிய கங்காணியே "வாங்க டிரைவரே" என்பார். மனுஷன் தூக்கத்திலும் கியர் போட்டான்.

அந்த மரியாதைக்கு வேட்டு வைக்க வந்தது ஆயுதபூசை. அவன் மனைவி இராக்கம்மா பக்தியில் யாருக்கும் சளைத்தவள் அல்ல. லொறியைக் கழுவி, விளக்கு, சக்கரம், ஸ்டியரிங் என்று கண்ட இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தவள், காலடியில் இருந்த பிரேக், கிளச் முதலான மூன்று மிதிகளையும் விடவில்லை. அவற்றைக் காலுக்கென்று செய்த வெள்ளைக்காரன், பொட்டு வைப்பார்கள் என்று கனவா கண்டான்?

மறுநாள் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் முதலாளி முன்னால் ஏறி உட்கார்ந்தார். மாயழகு கீழே பார்த்துத் திகைத்துப் போனான். சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. மிதிக்காமல் லொறி நகருமா? கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிடுவதுதானே நம் வழக்கம்! அதையே செய்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தரம் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பசறை ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்? வளைவுக்கு வளைவு டிரைவர் ஸ்டியரிங்குக்குக் கீழே காணாமல் போனான். முதலாளி ஓதாத துஆ இல்லை.

"டேய், ரோட்டப் பாருடா!"

"பாக்குறேங்க மொதலாளி, ஒரு நிமிசங்க" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்துவிட்டது. முதலாளி பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். லொறி தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து நின்றது. நல்லவேளை, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"எறங்குடா! ஒனக்கு மாடுதான் சரி!"

மாயழகு இறங்கினான். இனி எந்த முகத்தோடு லயத்துக்குப் போவது? குலுங்கிக் குலுங்கி அழுதபடியே பொட்டு விஷயத்தைச் சொன்னான். முதலாளி மிதிகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஏன்டா, மொத்தமா ஒரே தடவ மன்னிப்புக் கேட்டா ஒங்க சாமி வேணாங்குமா?"

பாவம், அவனுக்கு அது தோன்றவே இல்லை. உடனே லொறிக்கு முன்னால் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எது வரைக்குங்க கேக்கட்டும்?"

"பதுள வரைக்கும் கேளு" என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வாறதுக்கும் சேத்துக் கேளு. நீதானே ஓட்டப் போற."