பாரிஸ் விழுந்த வாரமும் என் கல்யாண வண்டியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் இருந்திருந்தால், இதை வாங்கியதும் முதலில் அச்சுப் பிழைகளைத்தான் தேடியிருப்பார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் அவரோடு அதிகம் சண்டை போட்டவள் நான்தான் என்பதால் தங்கையான என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது பிரெஞ்சுப் புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனில், நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில். எங்கள் தந்தையார் காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. ஏர், மாடு, வாய்க்கால் முறை எல்லாம் அன்றே அவர் தலையில் விழுந்தன. பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்து வகுப்புப் படித்திருந்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் விசாரிக்கப் புறப்பட்டுவிட்டார்.

எங்கள் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும்போது, பாகு முறுகும் வரை ஆட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணன், வில்லியனூர்ச் சந்தையிலிருந்து கொண்டுவந்த பழைய பத்திரிகைகளை உரக்கப் படிப்பார். விலை இறங்கிவிட்டதென்று எங்கோ ஒரு நாட்டில் காப்பிக் கொட்டையைக் கடலில் கொட்டுகிறார்கள் என்று ஒருநாள் படித்தார். அடுப்புக்குச் சருகு தள்ளிக்கொண்டிருந்த கண்ணம்மா, "இன்னா அநியாயம் இது! குடிக்கறதுக்கு ஆளா இல்ல?" என்றாள்.

"ஆளு இருக்குது கண்ணம்மா. வாங்கறதுக்குத்தான் கையில ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் பொதுவுடைமைப் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி வேலை கேட்டுப் போராடியபோது, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேற்கு நாடுகள் உள்ளே உளுத்துவிட்டன, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விழும், முதலில் விழுவது பிரான்ஸ், அது விழுந்த அன்றே நம் ஊரின் அதிகாரமெல்லாம் தானாக உதிர்ந்துவிடும் என்பது அவர் கணிப்பு. ருஷ்யா என்ன செய்யும், அமெரிக்கா எந்தப் பக்கம் சாயும் என்று மெழுகிய தரையில் சுண்ணாம்பால் உலகப் படம் போடுவார். ஒருநாள் அம்மா மெழுகும்போது ஐரோப்பாவை அழித்துவிட்டு ஆசியாவை விட்டுவைத்தாராம். அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

நாற்பதாம் ஆண்டு ஆனி மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் பக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து மூன்றே மைல். நம் பக்கத்து எல்லை உங்களுக்குத் தெரியாததா? ஒரு வரப்பு பிரெஞ்சு, அடுத்த வரப்பு இங்கிலீஷ். முகூர்த்தத்துக்கு முதல் நாளே பெண்ணும் சீர்வரிசையும் போய்ச் சேர வேண்டும். பாத்திரம் பண்டங்களை அப்பால் கொண்டுபோக மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், முத்திரைச் சீட்டு வாங்க வேண்டும். இங்கிருந்து அந்தப் பக்கம் பெண் கொடுக்கும் எவரும் அதை மறப்பதில்லை. அண்ணனும் மறக்கவில்லை, வேண்டுமென்றே வாங்காமல் விட்டார். அந்த வாரம்தான் பாரிஸ் நகரம் ஜெர்மானியரிடம் விழுந்திருந்தது.

"பிரான்சே பூட்ச்சிம்மா. இனிமே எவன் பேருல முத்திரை குத்துவான்? நாடே இல்லன்னா எல்லை ஏது?" என்று அம்மாவிடம் சொன்னார். நானும் அதை நம்பினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

எல்லை இருந்தது. நம் பக்கத்துச் சாவடியில் குறுக்கே மூங்கிற்கம்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வயதான சுங்கக்காரர் ஒருவர் நின்றார். அண்ணன் அவருக்கு ஐரோப்பாவின் நிலைமையை விளக்கினார். அந்த மனிதரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "அப்போ லண்டனும் வுழுமா?" என்றுகூட விசாரித்தார். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை, அரை மணி நேரம் பேசினார்.

"எல்லாஞ் சரிப்பா," என்றார் அவர் கடைசியில். "சீட்டு எங்க?"

திரும்பிப் போனால் மேரி பூட்டியிருக்கும். வேறு வழியாகச் சுங்கக்காரரே ஒரு தாளை நீட்டினார். பெயர், ஊர், பொருள்கள், எந்த அரசின் பிரஜை என்று எழுதி உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் எல்லாம் எழுதிவிட்டு ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"இங்க எழுதறதுக்கு இன்னிக்கி நாடே இல்லீங்க."

"அது எனக்குத் தெரியாது. கட்டம் காலியா இருந்தா வண்டி போவாது."

வெயில் சாய்ந்தது. அம்மா அழத் தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். "வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு வரலன்னா எங்க அக்கா கல்யாணத்த நிறுத்திப்பூடும். ஏற்கெனவே உங்க கட்சிப் பேச்சு அதுக்குப் புடிக்கல," என்றார். அண்ணன் பேனாவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பத்து வருஷமாகச் சொன்னதெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்தில் வந்து நின்றிருந்தது.

தலை குனிந்து உட்கார வேண்டிய கல்யாணப் பெண் நான், வண்டியிலிருந்து கத்தினேன். "ண்ணா! ஒலகத்த நாளைக்கி மாத்திக்க. இன்னிக்கி என் வாழ்க்க போவுது!"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. 'பிரெஞ்சுக் குடியரசின் பிரஜை' என்று எழுதினார். மூங்கிற்கம்பு மேலே போயிற்று.

வண்டியோடு நடந்து வரும்போது மெதுவாகச் சொன்னார்: "சர்க்காரு பாரிஸ்லேருந்து நம்மள அழுத்துதுன்னு நெனச்சேன், புள்ள. அந்தப் பெரியவரு கம்பப் புடிச்சிருக்காரு, நான் கட்டத்த ரொப்புறேன். நாமதான் அதத் தாங்கிப் புடிச்சிருக்கோம்." எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை.

அதன் பிறகு அண்ணன் ஆருடம் சொல்வதை நிறுத்தினார். அடுத்த கரும்பு வெட்டில் முதலில் எங்கள் கொட்டகையிலேயே எட்டு மணி வேலை என்றார். இதைப் படிக்கும் உறவினர்களில் சிலர் அப்போதுதான் அவரோடு பேச்சை விட்டீர்கள். அவர் நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டுவோரைச் சேர்த்தார். ஆங்கிலேயர் டில்லியை விட்டுப் போனார்கள், விழுந்த பிரான்சோ எழுந்து இங்கேயே நிற்கிறது. "என் கணக்கு தலகீழாப் பூட்ச்சி பாத்தியா!" என்று அவரே சிரித்தார்.

நெஞ்சு நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோதும் பேப்பரைப் படிக்கச் சொல்லுவார். என்னிடம் கடைசியாகக் கேட்டது, "சீனாவுல இன்னா ஆச்சி?" என்பதுதான். நான் அன்றைய பேப்பரைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அவரைக் கண்ணிமைபோல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், பாடையைத் தோளில் சுமந்த கரும்பு வெட்டும் தோழர்களுக்கும், பொறுமையாகக் காத்திருந்த அந்தச் சுங்கக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வாங்க பிரெஞ்சுப் பிரஜையே!" என்றுதான் வரவேற்பேன். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். அந்த மூன்று சொல்லை எழுத அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கிண்டல்தான் செய்தேன், நன்றி என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அண்ணா, இப்போது சொல்கிறேன்.