தொட்டி தாமதமாக வந்த ஞாயிறு

காய்ந்த ஃபைபர் தொட்டியில் முதல் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசனை எழும். பிசினும் வெயிலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை. போன வாரம், ஸ்ரீபெரும்புதூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியில் புதுத் தொட்டி வைத்துக் குழாயைத் திறந்தார்கள். நான் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாசனை படியிறங்கி வந்தது. கை நின்றுவிட்டது.

நாலைந்து வருஷம் அப்படியொரு தொட்டியோடு அலைந்தவன் நான். பாப்டிஸ்ட் சபைகளின் வட்டாரச் சங்கத்துக்குச் சொந்தமான நீலத் தொட்டி. உள்ளே இறங்க மூன்று படி. எங்களுக்குள் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கமில்லை. விவரம் தெரிந்த வயதில், சபையார் பார்க்க, முழுசாக மூழ்கி எழ வேண்டும். அதுதான் ஞானஸ்நானம். ஆனால் இந்தப் பக்கத்துச் சபைகளில் பாதி டயர் கடைக்கு மேலே இருக்கின்றன, மீதி ஷட்டர் போட்ட வாடகைக் கூடத்தில். ஏரியில் கோடைத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. அதனால் போதகர் இல்லாத சபைக்குப் போதகரை அனுப்புவதுபோல, நாற்காலி போதாத சபைக்கு நாற்காலி அனுப்புவதுபோல, சங்கம் தொட்டியையும் அனுப்பும். கேட்கிற சபைக்கு நாள் குறித்து, குட்டியானை வண்டியில் ஏற்றிப்போய் இறக்குவது என் வேலை. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாதவனுக்கு அதுவே பெரிய கொடை.

அந்த ஞாயிறுக்குப் படப்பை சபை கடிதத்தில் தொட்டி கேட்டிருந்தது. அதே ஞாயிறுக்கு மண்ணூர் சபையும் போனில் கேட்டது. போனில் கேட்டதைத் தவறுதலாக டைரியின் அடுத்த வாரப் பக்கத்தில் எழுதிவிட்டேன். சனிக்கிழமை மாலை மண்ணூரிலிருந்து “தண்ணி ரெடி” என்று போன் வந்தபோதுதான் தெரிந்தது. படப்பையைக் காலையில் முடித்துக்கொண்டு பன்னிரண்டுக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். வந்திருக்கலாம்.

படப்பையில் ஏழு பேர். பதினொன்றுக்கெல்லாம் முடிந்தது. தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்தும் ஆயிற்று. அப்போது யாரோ தோளில் கை வைத்து, “பிரதர், இலை போட்டாச்சு, உக்காருங்க” என்றார். பந்தி. இரண்டு பக்கமும் ஆட்கள். “பிரதருக்கு இன்னொரு பீஸ் வைய்யி” என்று ஒரு குரல். இரண்டு பேருடைய முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை. பாயசம் வரைக்கும் இருந்தேன்.

மண்ணூரில் காத்திருந்தவர் பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கிற அம்மா. சாத்தான்குளத்துப் பக்கம் ஊர். கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்குத் துணையாகச் சபைக்கு வந்து, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வருஷத்தில் மெல்ல உள்ளே வந்தவர். ஊரிலிருந்து இதற்கு ஒருவரும் வரமாட்டார்கள். தான் சோறு போட்ட பெண்கள் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் ஆசை. அன்று நாலு மணிக்கு அவரை ஓசூர் ஹாஸ்டலுக்கு மாற்றிக் கூட்டிப்போக வேன் வருவதாக இருந்தது. பெண்கள் இங்கேயே இருப்பார்கள். இன்னொரு ஞாயிறு கிடையாது.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்றே முக்கால். எதிர் குடோன் கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவரும் அந்தச் சபைக்காரர்தான். அங்கிருந்தே கேட்டார்.

“இன்னா சார், இப்பத்தான் வர்றியா. தொட்டி ஊர்கோலம் போச்சா?”

“பொண்ணுங்க எங்க?”

“செகண்ட் ஷிப்ட் பஸ்சு போயி அரை அவரு ஆவுது. காத்தால இருந்து பாடிப் பாடி தொண்டை கட்டிக்கிச்சு அதுங்களுக்கு. பஸ்சுல ஏறசொல்லோ கூட ரோட்டயே பாத்துகினு போச்சுங்க.”

வீடியோ காலில் அந்தப் பெண்களுக்குக் காட்டலாம் என்று யோசித்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அந்தச் சபையே பெரும்பாலும் ஹாஸ்டல் பெண்கள்தான். கூடத்தில் முப்பது நாற்காலி. முதல் வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி” என்றார். பிறகு, “சாப்பிட்டீயளா?”

என் விரலில் பிரியாணி மணந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சங்கம் அனுப்பியிருந்த வயதான பாஸ்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். “சபை இல்லாம எப்படிம்மா? சபைதான சாட்சி. ஓசூர்லயும் நம்ம சபை இருக்கு, கடிதம் எழுதித் தர்றேன். அங்க எடுத்துக்கலாம்.”

“அங்க எனக்கு ஆரத் தெரியும் ஐயா? முகந்தெரியாத ஆளுவ முன்னால எப்படி முங்கி எந்திப்பேன்?” என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி நிப்பாவள்லா.”

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க எந்தச் சபை, பிரதர்?”

“சங்கம்.”

“சங்கம் சரி. சபை எது?”

ஒரு சபையை விட்டு இன்னொன்றில் சேர மாறுதல் கடிதம் வாங்குவது எங்கள் வழக்கம். சென்னைச் சபையிலிருந்து நானும் வாங்கியிருந்தேன். கொடுக்கத்தான் இல்லை. வாரம் ஒரு சபை, தொட்டி போகிற இடமெல்லாம் நான். எல்லோரும் ‘தொட்டி பிரதர்’ என்பார்கள். பெயர் தெரிந்தவர்கள் குறைவு. கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மடிப்பு அப்போதே கிழியத் தொடங்கியிருந்தது. இப்போது அது நாலு துண்டு.

தேதியைப் பார்த்து, “மூணு வருஷமாவா?” என்றார் பாஸ்டர். மடித்துத் திருப்பித் தந்தார். அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் கேட்டிலிருந்து செக்யூரிட்டி பாஸ்டரைக் கூப்பிட்டார். “அய்யரே, நான் கீறேன். கேட்ட உட்டு வர முடியாது. ஷட்டர நல்லாத் தூக்கி உடு, இங்கருந்தே தெரியும்.”

பாஸ்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மோட்டாரைப் போட்டேன். வாசலில் இறக்கிய தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அந்த வாசனை.

மூழ்கி எழும்போது சபை பாட வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடினார்; இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அது போய் முடியும்வரை என் குரல் மட்டும் கேட்டது, சுருதி இல்லாமல். அந்த அம்மா தண்ணீரிலிருந்து எழுந்தார். முகத்தைத் துடைக்காமல் திரும்பிப் பார்த்தார், நாற்காலிகளை. யாராவது வரக்கூடும் என்பதுபோல் கொஞ்சம் நின்றார். பிறகு படியில் கால் வைத்தார்.

நாலுக்கு முன்பே வேன் வந்துவிட்டது. அவருடைய டிரங்குப் பெட்டியையும் ஒரு குக்கரையும் நான்தான் ஏற்றினேன். ஈரத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“மன்னிச்சிருங்கம்மா. பன்னெண்டுக்கே வந்திருக்கலாம். படப்பைல பந்தியில உக்காரச் சொன்னாங்க. உக்காந்துட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் நகர்ந்தது.

“அந்தக் காயிதத்த ஒங்கள உக்காரச் சொன்ன எடத்துலயே குடுத்துருங்க அண்ணாச்சி.”