மேடையில் காணாமல் போன புடவை

மற்ற ஊர்களில் மேடை அலங்காரத்துக்கு மஞ்சள் பூ என்று சொன்னால் பேச்சு முடிந்தது. எங்கள் காஞ்சிபுரத்தில் அங்கேதான் பேச்சே தொடங்கும். "மஞ்சள்னா என்னா மஞ்சள்மா? மாம்பழமா, எலுமிச்சையா, கடுகா?" என்று ஒருவர் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கிற அவர் மச்சான் ஒரு சாமந்தியைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்து, "சாயம் சரியா ஏறலியே மாமா" என்பார். பூவுக்குச் சாயம் ஏற்றியது கடவுள். திட்டு வாங்குகிறவள் நான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரருக்கு வாயே கிடையாது. வண்டி ஓட்டுவார், கம்பி நடுவார், யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து சின்ன காஞ்சிபுரத்தில் அலங்காரத் தொழில் நடத்துகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம். நடத்துவது யார் என்று தெருவுக்கே தெரியும்.

ஒரு நாள் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர், சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் மேஜை மேல் வைத்தார். உள்ளே இரண்டு பட்டு நூல் துணுக்குகள். ஒன்று மஞ்சள், ஒன்று அரக்கு.

"பொண்ணுக்கு ரிசப்ஷன்மா. புடவை ஒடம்பு இந்த மஞ்சள், கரை இந்த அரக்கு. மேடையும் அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும்" என்றார்.

"புடவையவே எடுத்துக்கினு வந்திருக்கலாமேண்ணா?"

"அது தறியில இருக்குதும்மா. நாந்தான் நெஞ்சிக்கினு இருக்கேன்."

ரிசப்ஷனுக்கு கவுன்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றதாம் பெண். அப்பா புடவை நெய்யப்போகிறார் என்றதும் கவுனை விட்டுவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பிறகு நூலைப் பார்த்தபடியே சொன்னார்: "இத்தினி வருசமா நெய்யறேன். அறுத்து மடிச்சுக் கடையில குடுத்தா அதோட சரி. யாரு கட்டினாங்க, எங்க கட்டினாங்க, ஒண்ணும் தெரியாது. நான் நெஞ்சத ஒருத்தி கட்டிக்கினு நின்னு நான் பாத்ததே இல்லம்மா. இப்பதான் பாக்கப்போறேன். வர்றவங்களும் பாக்கணும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் எனக்குப் புத்தியும் சேர்ந்து இளகிவிடும். "கவலைய வுடுண்ணா! புடவை எது, மேடை எதுன்னே தெரியாத மாதிரி செஞ்சி குடுக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். சொன்னபடியே செய்தும் காட்டினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

பூ மார்க்கெட்டில் அந்த மஞ்சள் நூலை ஒவ்வொரு கூடையின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு கூடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, பூ வாங்க வந்தியா, ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் எடுக்க வந்தியா?" என்றாள். "உன் வேலையப் பாரு" என்றேன். கடைசியில் நூலை வைத்தால் நூல் எங்கே என்று தேட வேண்டிய அளவுக்குப் பொருத்தமான சாமந்தி அவள் கூடையிலேயே கிடைத்தது. முதலிலேயே சிரித்துப் பேசியிருக்கலாம்.

பெரிய காஞ்சிபுரத்தில் மண்டபம். காலையிலேயே மேடையில் இரும்புச் சட்டத்தை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். உடல் முழுக்க சாமந்தி. கரைக்கு அரக்கு நிறக் கோழிக்கொண்டைப் பூ. கரையும் உடலும் சேருகிற இடத்தில், புடவையில் வருகிற மாதிரியே வரிசையாகக் கோபுர முனைகள். உடலில் இடையிடையே வருகிற புட்டாவுக்கு சம்பங்கி மொட்டு. முடித்துவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தேன். அடேயப்பா! ஒரு ராட்சசிக்குப் புடவை நெய்து காயப்போட்ட மாதிரி இருந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மதியம் பெண்ணின் அப்பா வந்தார். பாராட்டுவார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். மனுஷன் மேடை ஏறினார், என் வேலையை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் நேராகச் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களின் வழக்கம் அது. புடவையைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகுதான். இழைத் தொங்கல், முடிச்சு, கள்ளத்தனம் எல்லாம் பின்பக்கத்தில் தெரிந்துவிடும். ஆனால் பூ மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்த முதல் ஆள் இவர்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யம்மா, பின்பக்கம் நார் நாரா தொங்குதே."

"அண்ணா, இது மேடை. அங்க சாப்பாட்டுக்குப் போற சந்துதான் இருக்குது. பந்திக்குப் போறவன் எலையப் பாப்பானா, இதப் பாப்பானா?"

"அவன் பாக்க மாட்டாம்மா. எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

இதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் "சரிங்க" என்று வண்டியிலிருந்த நெட்டிலிங்க இலைக் கட்டுகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வேறு ஒரு மண்டப வாசலுக்கு என்று வைத்திருந்த இலை. கரித்துக்கொட்டியபடியே பின்பக்கம் முழுவதும் இலையைச் செருகி மூடினேன். என் வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கரித்துக்கொட்டினேன். அப்புறம்தான் அந்த மனுஷன் முன்பக்கம் வந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "என் தறிய அப்படியே கொண்டாந்து வெச்சிட்டியேம்மா" என்றார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மாலை விளக்குகள் எரிந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறினார்கள். மாப்பிள்ளை நீலக் கோட்டு. பெண், அப்பாவின் மஞ்சள் புடவை. கூடத்தின் பக்கவாட்டுச் சுவரில் பெரிய திரை வைத்திருந்தார்கள். கேமராக்காரர் அதில் மேடையைக் காட்டினார்.

திரையில் மாப்பிள்ளை தலை முதல் ஷூ வரை முழுசாக நின்றார். அவர் பக்கத்தில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன.

கூடத்தில் ஒருவன் கனைத்தான். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குபீரென்று சிரிப்பு. "மாப்ள, பொண்ணு எங்க?" என்று மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் கத்தினான். கேமராக்காரர் என்னிடம் ஓடிவந்து, "அக்கா, எப்டி லைட் வெச்சாலும் மூஞ்சி மட்டுந்தான் வருது. புடவையே தெரியல" என்றார். நிழல் விழுமளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் சட்டத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டும், அவ்வளவு குறுகலான மேடை. நான் கொடுத்த வாக்கு அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருந்தது. புடவை எது, மேடை எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பெண்ணின் அப்பா தூணோரம் நின்றிருந்தார். கையில் தாம்பூலப் பை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "வுடும்மா, பரவால்ல. பூ நல்லா இருக்குது" என்றார். அவர் கண் திரையிலேயே இருந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். பரவாயில்லை என்றால் மனுஷி என்ன செய்வாள்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மேடை ஏறிப் பூவை எல்லாம் பிய்த்து எறியக் கையை ஓங்கினேன்.

ஓங்கிய கைக்குள் சட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சை இலை அகப்பட்டது.

"ஏங்க!" என்று நான் போட்ட கத்தலில் மேளக்காரர் ஒருவர் வாசிப்பை நிறுத்திவிட்டார். "சட்டத்தத் திருப்புங்க! பின்பக்கத்த முன்னாடி கொண்டாங்க!"

வாழ்க்கையில் முதல் முறையாக என் வீட்டுக்காரர் "சரிங்க" சொல்லாமல் என்னைப் பார்த்தார். "இவ்ளோ செஞ்சியேம்மா..." என்றார்.

"திருப்புங்கன்னா திருப்புங்க!"

ஐயம்பேட்டை ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். மாப்பிள்ளையும் கோட்டைக் கழற்றிப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு சட்டத்தின் ஒரு காலைப் பிடித்தார். "பாத்துப்பா, கரை பிரிஞ்சிடப் போவுது" என்று ஒரு பெரியவர் புடவையைச் சொல்கிற மாதிரியே சொன்னார். இரண்டு மூன்று கோபுர முனை உதிர்ந்து விழுந்தது. பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன். என் வாழ்நாளிலேயே நல்ல வேலை என்று நான் நினைத்தது அரை வட்டம் சுற்றி, சாப்பாட்டுச் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இந்தப் பக்கம் கரும்பச்சை இலை. அதற்கு முன்னால் பெண் வந்து நின்றதும் கூடத்தில் சத்தம் அடங்கியது. திரையில் மஞ்சள் பளிச்சென்று எழுந்து நின்றது. கரை, கோபுரம், ஜரிகை, மடிப்பு மடிப்பாக எல்லாம் தெரிந்தது. நான் அப்பாவைத் தேடினேன். மனுஷன் அப்போதும் அசையவில்லை. தாம்பூலப் பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பந்திக்குப் போகிறவர்கள் என் பூச்சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "நம்ம டெகரேஷன் இங்கியும் நல்லாத்தான் இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். நான் முறைத்த முறைப்பில் அவரும் பந்திக்குப் போய்விட்டார்.

பிறகு மாப்பிள்ளையின் பெரிய அத்தை மேடை ஏறினாள். எதற்கும் ஒரு குறை சொல்கிற அம்மாள் என்று பெண் வீட்டார் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, பரிசையும் கொடுக்கவில்லை. நேராக முந்தானையைப் பிடித்தாள். திருப்பினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பின்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். 

"ஒரு தொங்கல் இல்லியே! எந்தக் கடைம்மா?" என்றாள்.

பெண் கூட்டத்தில் அப்பாவைத் தேடியது. எல்லாரும் அது பார்த்த பக்கம் திரும்பினார்கள். தூணோரம் நின்றவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார், தாம்பூலப் பையோடு.

"கடை இல்லீங்க" என்றார். "நானு."

கேமராக்காரர் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். பெரிய திரையில், தூக்கிய கையோடு, அவர் முழுசாகத் தெரிந்தார்.