கரமனைப் படித்துறையும் கமிட்டிச் செயலாளரும்

இன்று கிழக்கேகோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் தெருக்காரர். கரமனை ஆற்றுக்கு இறங்கும் பழைய கல் படித்துறையை சிமென்ட் போட்டு மூடி, அதன்மேல் கார் ஷெட் கட்டியவர். கேட்டபோது, "பழைய கல்லுதானே மாமா" என்றார். அன்றிலிருந்து அமாவாசைத் தர்ப்பணத்தை நான் குழாயடியில் செய்கிறேன்.

இப்போது அவர் ஆற்றங்கரைப் பாரம்பரியக் கமிட்டியின் செயலாளராம்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிண்டு ஆத்தோரமா நடக்கப் போறோம். பழைய இடமெல்லாம் நீங்கதான் காட்டித் தரணும், கேட்டேளா? பத்திரிகைக்காராளும் வரா."

"நிச்சயமா வருவாளா?"

"தீர்ச்சையா வருவா மாமா."

"அப்போ நானும் வரேன்."

கோவிலையும் மண்டபத்தையும் வேறு யாராவது காட்டட்டும். நான் எல்லோரையும் நேரே அவருடைய கார் ஷெட்டுக்குத்தான் அழைத்துப் போவேன்.

யாரிடமாவது நல்ல கடப்பாரை இருந்தால் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள்.