கரண்டு போன வெள்ளிக்கிழமை

கோரிப்பாளையத்தில் நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடிவீட்டில் ஓனர் பாய். அவர் தலைக்கு மேலே, மொட்டை மாடியில், என் மீன் தொட்டி. அதில் ஜிலேபி மீன்கள். மீன்கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் ஏற்றி, ஜல்லி நிரப்பிய பாத்திகளில் விடும். புதினாவும் தக்காளியும் அந்தச் சத்தை எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். அது சளசளவென்று விழுவதில்தான் மீனுக்குக் காற்றும் கிடைக்கும். மண்ணும் கிடையாது, உரமும் கிடையாது. முதல் தக்காளி பழுத்த அன்று தெருவுக்கே காட்டிவிட்டு வந்தேன்.

பாய்க்கு மட்டும் பிடிக்கவில்லை. "தளத்துல ஈரம் இறங்குனா வீடே போச்சும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள தொட்டிய எடுத்துருங்க" என்றார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவர் மனத்தை மாற்ற முடியாது. கெஞ்சிப் பார்த்தேன். பிறகு கோபத்தில் பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மோட்டாரும் நின்றிருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. மதியம் மாடிக்குப் போனால், மோட்டார் ஓடாத தொட்டியில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வாளியில் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். அப்போதுதான் ஜும்மா தொழுகை முடிந்து, வெள்ளை ஜிப்பாவோடு பாய் படியேறி வந்தார்.

"என்னம்மா, இன்னும் எடுக்கலையா?"

"அப்பறமாத் திட்டுங்க பாய்! மூச்சு முட்டிக் கெடக்குதுக. இந்தாங்க, இந்த வாளியப் பிடிங்க!"

வாடகைக்கு இருப்பவள் ஓனரை அதட்டலாமா? அதட்டிவிட்டேன். அவரும் ஜிப்பாக் கையை மடித்துவிட்டு வாளியை வாங்கிக்கொண்டார்.

என்ன வேகம்! "செத்துக்கித்துப் போயிராதீகடா, இந்தா காத்து, புடிங்க!" என்று மீன்களோடு பேசிக்கொண்டே ஊற்றினார். பாதி தொட்டிக்குள் விழுந்தது, பாதி தளத்தில். கரண்டு வந்து மோட்டார் ஓடியபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கின. சின்னப்பிள்ளைகள்போலக் கைதட்டினோம். அப்புறம்தான் பாய் குனிந்து பார்த்தார். தளம் குளமாகக் கிடந்தது. வாளியை வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார். தொட்டி போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டே படியேறினேன். தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நான் ஊத்துன அம்புட்டுத் தண்ணிக்கே ஒழுகலையே! ஒங்க தொட்டியா ஒழுகப்போகுது? இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். "மறுபடி கரண்டு போனா ஒரு குரல் குடுங்க, ஓடி வாரேன்."